அசல் இடிமுழக்கம்

எங்கள் செட்டில் ஆள் மாறாத வருஷம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஐம்பத்து மூன்றில், பெரிய டிரம்மின் தோலில் 'இடிமுழக்கம் பேண்டு செட், திண்டுக்கல்' என்று வட்டமாக எழுதித் தொடங்கியபோது எட்டுப் பேர் இருந்தோம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது மூன்று பேர். செட்டின் சொந்தக்காரரும் கிளாரினெட் வாசிப்பவருமான கிதர் முகம்மது பாய், பெரிய டிரம் அடிக்கும் சங்கிலி, பித்தளைத் தட்டுகள் இரண்டை மோதுகிற நான். என் பெயர் மூக்கையா.

மற்ற இடங்களில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஒருவன் போலீஸ் பேண்டுக்குப் போனான். ஒருவன் ஊருக்கு வந்த சர்க்கஸோடு போனான். ஆனால் பெரும்பாலும் கிதர் பாயே அனுப்பிவிடுவார். "போ" என்று சொல்ல மாட்டார். "கோட்டைக் கழட்டிக் குடுப்பா, வெளுக்கப் போடணும்" என்பார். வெளுத்து வரும் கோட்டை அடுத்த கல்யாணத்தில் வேறொருவன் போட்டிருப்பான்.

"உங்க அத்தா பட்டாளத்துல இருந்தாரு. அவரு பாத்த பட்டாளத்தைவிட நீங்க வெளியே அனுப்புன பட்டாளம் பெருசு" என்று அவருடைய மனைவி கமர்ஜஹான் எங்களை வைத்துக்கொண்டே சொல்வார். பாய் காது கேட்காதவர் போலக் கிளாரினெட்டின் ஊதுமுனை நாணலை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டிருப்பார்.

அவர் ஆளை அனுப்புவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். பள்ளிவாசலைக் கடக்கும்போது எல்லா செட்டும் வாசிப்பை நிறுத்தும். மாதா கோயிலில் பூசை நடந்தாலும், வழியில் ஒரு வீட்டில் துக்கம் என்றாலும் அப்படித்தான். தாண்டிய பிறகு, விட்ட இடத்திலிருந்து எடுத்து வாசிப்பார்கள். ஊர் உலகத்து வழக்கம் அது. எங்கள் செட்டில் மட்டும் அது கிடையாது.

"சத்தந்தான்டா நிக்குது. பாட்டு எங்க நிக்குது? அது நம்ம கூடவே நடந்து வருதுல்ல?" என்பார் பாய்.

அதாவது, மௌனமாக நடக்கும்போதும் ஒவ்வொருவனும் மனதுக்குள் வாசித்துக்கொண்டே வரவேண்டும். தாண்டியதும் சங்கிலியின் அடி விழும். அப்போது பாட்டு நடந்து எங்கே வந்து சேர்ந்திருக்குமோ அங்கே அத்தனை பேரும் ஒன்றாக இறங்க வேண்டும். கேட்பவர்களுக்கு, மூடிய கதவைத் திறந்தால் உள்ளே முன்பிருந்தே கச்சேரி நடந்துகொண்டிருந்த மாதிரி இருக்கும். வாசிப்பதைவிட எனக்குப் பிடித்தது அந்த நடைதான். தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புச் சத்தத்துக்கு நடுவில், யாருக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டே போவேன். அன்று முழுக்க யாரோடும் பேசத் தோன்றாது.

ஆனால் புதிதாக வருகிறவனுக்கு அது பிடிபட நாளாகும். அரைத் தாளம் பிந்துவான், அல்லது விட்ட இடத்திலேயே போய் நிற்பான். பாய் கோட்டைக் கேட்பார்.

டிரம்பெட் வாசித்த முகமது பாரூக் பாயின் அக்கா மகன். ஏழு வருஷம் எங்களோடு இருந்தான். ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு தரம் பிந்தினான். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் திட்டினார்.

"கோட்டை நானே வெளுத்துக் கொண்டாந்து தாரேன் மாமு" என்று போனவன் திரும்பி வரவில்லை. அறுபத்து இரண்டில் நாகல் நகரில் ஒரு கடை பிடித்துத் தனி செட் தொடங்கினான். சங்கிலி போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"என்னலே பேரு வச்சிருக்கான்?" என்றார் பாய்.

சங்கிலி முதுகைச் சொறிந்தான். "நம்ம பேருதேன்."

பாய் அன்று தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்குக்கூடப் போகவில்லை. ஏழு வருஷம் ஊதியவனுக்குப் பெயரில் பங்கு உண்டு என்று பாரூக் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பாய் எங்கள் டிரம்மில் 'இடிமுழக்கம்' என்பதற்கு மேலே இருந்த இடுக்கில் சிவப்புப் பெயிண்டால் 'அசல்' என்று எழுதவைத்தார். அடுத்த வாரமே பாரூக்கின் டிரம்மிலும் 'அசல்' வந்துவிட்டது. எங்களுடையதைவிடப் பெரிய எழுத்து.

அதிலிருந்து பாய்க்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. எது அசல் என்று ஊர் ஒருநாள் சொல்லவேண்டும், பாரூக் தன் கையாலேயே அந்தப் பெயரை அழிக்கவேண்டும். தொழுகை முடித்து வரும்போதும், டீ குடிக்கும்போதும் அதையே சொன்னார்.

"பேரு என்ன வயலா, வரப்பு போட்டுக்கிட்டுக் கெடக்க?" என்று கமர்ஜஹான் கேட்டுப் பார்த்தார்.

"பத்து வருசம் ஊதுனது நானு. நாளைக்கு ஒருத்தன் என்னையப் பாத்து, நீ டூப்ளிகேட்டான்னு கேட்டா மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

கேட்கத்தான் கேட்டார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து காதுகுத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒருவர், "ஏனுங்க, நீங்க அந்த செட்டுங்களா, இந்த செட்டுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். பாய் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அறுபத்து மூன்றில் பேகம்பூரில் ஒரு கல்யாணம். தோல் வியாபாரி ராவுத்தர் ஒருவரின் மகனுக்கு. ராவுத்தர் எங்கள் பாயிடம் வெற்றிலை பாக்கு கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை அறியாமல், 'இடிமுழக்கத்துக்குச் சொல்லிட்டியா' என்று யாரோ கேட்டதும், நாகல் நகர் செட்டுதான் என்று நினைத்து, பாரூக்கிடம் கொடுத்தார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பும் நேரத்தில், பூச்சரம் போட்ட மோட்டாருக்கு முன்னால் நாங்கள் சிவப்புக் கோட்டில் நிற்கிறோம். பின்னால் பார்த்தால் இன்னொரு சிவப்புக் கோட்டு வரிசை.

முன் வரிசையில் பாரூக். அவன் இடப்பக்கம் பெரிய வளைகுழலைக் கட்டிப்பிடித்தபடி உடையப்பன். பிந்தியதற்காக ஐம்பத்தாறில் கோட்டைக் கொடுத்துவிட்டு, ஒட்டன்சத்திரத்தில் கேரளா லாரிக்குக் காய் ஏற்றப் போனவன். பெரிய டிரம்மில் பாலசமுத்திரம் கருப்புசாமி. எங்களிடம் சின்ன டிரம் அடித்தவன். ஐம்பத்தெட்டில் அவன் கோட்டைக் கழற்றியபோது நான்தான் மடித்து வைத்தேன். மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனை பேரும் எங்களிடமிருந்து போனவர்கள்.

"ஏலே சங்கிலி," என்றேன் மெதுவாக. "பாத்தியா?"

"வெளுத்த கோட்டு பூராம் நம்ம கிட்ட இருக்கு. ஆளு பூராம் அங்கிட்டு இருக்கு" என்றான்.

பாய்க்குக் கோபத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. நேரே ராவுத்தரிடம் போனார். பாரூக்கும் வந்தான். ராவுத்தர் இருவரையும் பார்த்தார், இரண்டு டிரம்மையும் படித்தார்.

"ரெண்டுமே அசலா? நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் வாசிங்க, சத்தம் அம்புட்டும் நமக்குத்தானே. பொண்ணு வீடு போய்ச் சேந்ததும் எது அசல்னு தீத்துக்குங்க. மத்தவன் டிரம்முலருந்து பேரைத் தொடைச்சிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் பாய்.

"சம்மதம் மாமு" என்றான் பாரூக், ராவுத்தரைப் பார்க்காமல்.

எங்களிடம் அப்போது டிரம்பெட் வாசித்தவன் பொன்னழகு. நல்ல மூச்சு, நல்ல பையன். கேட்ட சினிமாப் பாட்டை மறுநாளே வாசித்துவிடுவான். அவனோடு இருந்த நாலு பேரும் அவன் சேக்காளிகள். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"பாய், புதுப் படத்துப் பாட்டு எடுப்போமா? கைதட்டு அள்ளும்" என்றான்.

"நம்ம மார்ச்சு" என்றார் பாய். செட்டு தொடங்கிய வருஷம் அவரே கட்டியது. சுழன்று சுழன்று வரும், எங்கே தொடக்கம் எங்கே முடிவு என்று புதியவனுக்குத் தெரியாது. பாரூக்கின் ஆட்களை மடக்க அதுவே போதும் என்று நினைத்திருப்பார். ஆனால் எங்களோடு சேர்ந்து பின்னாலும் அதே மார்ச் எழுந்தது.

அன்று பேகம்பூர் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, அதன் பின்னால் பால்காரர் ஓடினார். மோட்டாரில் நடுவே மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, பூச்சரத்தைச் சரிசெய்வது போல இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். என் தட்டுகளின் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

தெரு திரும்பியதும் பள்ளிவாசல் தெரிந்தது. பாய் குழலைத் தூக்கி இறக்கினார். முன்னால் நாங்கள் நின்றோம். அதே நொடியில் பின்னாலும் நின்றது.

மோட்டாரின் உறுமல். செருப்புகள். யாரோ இருமினார்கள். நான் தட்டுகளை அணைத்துக்கொண்டு நடந்தேன். மார்ச் உள்ளே சுழன்று வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னே பாயின் விரல்கள் குழலின் மேல் ஓசையில்லாமல் ஏறி இறங்கின. சங்கிலியின் தாடை அசைந்தது. பொன்னழகு ஒரு மாடி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

மதில் முடிந்தது. சங்கிலி கோலை ஓங்கினான். விழுந்தது ஒரே அடி போலத்தான் கேட்டது. ஆனால் அது இரண்டு டிரம். பின்னால் கருப்புசாமியும் அதே நொடியில் இறங்கியிருந்தான். அவனோடு பாரூக்கின் டிரம்பெட், உடையப்பனின் வளைகுழல், எல்லாமே பாட்டு நடந்து வந்து சேர்ந்திருந்த இடத்தில், ஒரு இழை பிசகாமல் இறங்கின. பாயும் நானும் அங்கேதான் இருந்தோம்.

பொன்னழகு விட்ட இடத்திலிருந்து எடுத்தான். அவன் சேக்காளிகளும் அவனைப் பார்த்து அப்படியே எடுத்தார்கள். நாலு அடி நடப்பதற்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்து, ஒருவர் பின் ஒருவராக வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே முன்னால் ஒரு கிளாரினெட், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடித் தட்டு. மற்றதெல்லாம் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே பின்னாலிருந்து வந்தது. ஆனாலும் அது ஒரே செட்டாகத்தான் இருந்தது. அப்படி நாங்கள் வாசித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஜனங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. "இப்பத்தான் காதுக்கு எதமா இருக்கு" என்று மட்டும் யாரோ சொன்னார்கள். பாய் திரும்பிப் பார்க்கவில்லை. நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மோட்டாரின் மூக்கு அவர் முதுகை இடித்துவிடும் போல வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். பாய் ஒதுங்கி அதைப் போகவிட்டார், குழலை வாயிலிருந்து எடுக்காமலே. பெண் வீட்டு வாசலில் மார்ச் முடிந்தபோது அவர் பாரூக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ராவுத்தர் இறங்கி வந்தார். "சரி, தீத்துக்கிட்டீங்களா? எதுப்பா அசல்?"

பாரூக் வாயைத் திறப்பதற்குள் பாய் கையைக் காட்டினார். "இவனுங்கதான்."

"அப்ப உங்க செட்டு?"

பாய் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தில் தன் துண்டை நனைத்து, எங்கள் டிரம்முக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினார். 'அசல்' சீக்கிரம் போகவில்லை. நல்ல பெயிண்ட். பொன்னழகு ஓடி வந்தான்.

"என்ன பாய் இப்பிடிப் பண்றீங்க! நாங்க என்ன பேரு சொல்லித் தொழில் பண்றது?"

"ஒனக்குப் பிடிச்சதா ஒண்ணு வச்சுக்கப்பா. டிரம்மும் ஒனக்குத்தான்."

பொன்னழகு டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு கொஞ்சம் யோசித்தான். முகம் மாறியது. "மின்னல்னு வைக்கட்டா?"

"வையி. இடிக்கு முன்னாடி வாரதுதானே" என்றார் பாய். "பள்ளிவாசலைத் தாண்டுனா விட்ட எடத்துலருந்தே எடு. ஒண்ணும் தப்பில்ல. ஊர்ல எல்லாரும் அப்பிடித்தேன்." அதைச் சொல்லி முடிக்க அவருக்குச் சிரமமாக இருந்தது.

பந்தலில் சஹன் வைத்தார்கள். பெரிய தாம்பாளத்தில் பிரியாணி, சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. பாரூக்கின் தாம்பாளத்தில் உடையப்பனும் கருப்புசாமியும் இருந்தார்கள். எங்களுக்கெல்லாம் முந்தி சங்கிலியும் அங்கே இருந்தான், வாயில் ஒரு கறித்துண்டோடு. நான் அவன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"செத்த தள்ளி உக்காருடா" என்றார் பாரூக்கைப் பார்த்து.

"எதுக்கு மாமு?"

"ஒங்க செட்டுல கிளாரினெட்டு இல்ல."

"இல்லதான்."

"நான் வாசிக்கிறேன்."

பாரூக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இவ்வளவு காலமாக அவன் சொல்ல நினைத்து வைத்திருந்தவை ஏராளம் இருந்திருக்கும். மற்றவர்களும் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஒவ்வொருவனுக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. நானும் சாப்பிடாமல் காத்திருந்தேன்.

"செட்டு என்னுது மாமு. நாஞ்சொல்றதுதான்."

"சரி."

"பிந்துனாலும் யாரையும் வைய மாட்டோம்."

பாய் கழுவிய கையைத் துண்டில் இன்னொரு தரம் துடைத்தார். "சரி."

கருப்புசாமி நகர்ந்து இடம் விட்டான். "உக்காருங்க பாய். தால்ச்சா இந்தப் பக்கம் இருக்குதுங்க."

பாய் உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்தார். வாய் வரை கொண்டுபோனவர் நிறுத்தி, உடையப்பனைப் பார்த்தார்.

"வளைகுழலு ரெண்டாவது சுத்துல கொஞ்சம் அமுக்கிட்டியே?"

"மாமு!" என்றான் பாரூக்.

"வையலப்பா. கேட்டேன்" என்று பாய் அவசரமாகக் கவளத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டார். உடையப்பனுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. சங்கிலி அவன் முதுகில் தட்டினான்.