நான்காம் வார்டில் முடி வளராத ஒன்பது வருடம்

நான்காம் வார்டில் ஒன்பது வருடம் யாருக்கும் முடி வளரவில்லை. நீதிமன்றம் அனுப்பிவைக்கும் மனநோயாளிகளுக்கான பூட்டிய வார்டு அது; முப்பத்தாறு கட்டில், சன்னலுக்குக் கம்பிவலை, கதவுக்கு இரண்டு பூட்டு. மொட்டைத் தலையோடு வந்தவர் மொட்டையாகவே இருந்தார். நெஞ்சுவரை தாடியோடு வந்த பழைய பஸ் கண்டக்டர் அதே தாடியோடு இருந்தார். எட்டு மணி நேர வேலைக்கு வந்துபோகும் செவிலியர்களுக்கு வெளியே இருப்பவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வளர்ந்தது. தலைக்குச் சாயம் பூசும் மூத்த செவிலியருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். தண்ணீரைச் சோதித்தார்கள், நல்ல தண்ணீர். சோப்பை மாற்றிப் பார்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். தலைக்கு மேல் வேறு வேலை கிடந்தது.

சலூன்காரர் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் இப்படி என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அவரிடம் கேட்டதில்லை. வரும்போது அவருக்கு முப்பத்துநாலு வயது. பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று நாற்காலி போட்ட கடை வைத்திருந்தார். ஒரு கோடையில் தூக்கம் போனது. பதினோரு நாள் தூங்காமல் கிடந்தவரிடம் கடைக் கண்ணாடி பேச ஆரம்பித்தது. உட்காருகிறவர்களின் முகத்துக்கு அடியில் வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று அது சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் கணவர் ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார். வந்தது ஷேவிங்குக்காக மட்டும் அல்ல. மச்சினனை எப்படியாவது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. சலூன்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போலீஸ் வரும்வரை காத்திருந்தார். செய்தது இன்னதென்று அறியாத நிலையில் செய்ததால் அவர் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை.

மருந்து இரண்டு வருடத்தில் குரல்களை விரட்டியது. அவை போன இடத்தில், செய்த காரியம் வந்து உட்கார்ந்தது. குரல்களே தேவலை என்று அவர் நினைத்த நாட்கள் உண்டு. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்கு ஒரு கையை எடுத்தால், சாப்பிட்டதும் கழுவி மறுபடி அங்கேயே வைத்துவிடுவார். வார்டின் கோடியில் ஒரு பட்டறை இருந்தது. நோயாளிகளை வேலையின் வழியாக உலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காகப் படித்து வந்த ஒரு பெண் அதை நடத்தினாள். நாற்பதைத் தாண்டாதவள், ஆனாலும் எல்லாருக்கும் பட்டறையம்மா. அவள் அவருடைய கைகளுக்கு முதலில் போர்வை மடிக்கும் வேலை கொடுத்தாள். அடுத்த வருடம் பாத்திரம் கழுவும் வேலை. அதற்கடுத்து பிளாஸ்டிக் கத்தியால் காய் நறுக்கும் வேலை. அந்தக் கத்தியைத் தொட அவருக்கு ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் அவள் தானே நறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமைகளில் எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டு ஒரு கூட்டம் நடக்கும். நோய் வருவதற்கு முன் தனக்கு என்ன நடந்தது என்று அவரவர் சொல்ல வேண்டும். சலூன்காரர் மூன்று வருடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது வருடம் ஒரு வியாழக்கிழமை, கண்டக்டர் பேசி முடித்ததும் இவர் வாய் திறந்தார்.

"எனக்கு முதல்ல தூக்கம் போகும். அப்புறம் கண்ணாடி பேசும். தூக்கம் போனப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

அதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டே வரி. வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வருடம் அக்கா வந்தாள். வரச்சொல்லி மருத்துவமனை நான்கு கடிதம் எழுதியிருந்தது. ஐந்தாவது எழுதவில்லை, வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பட்டறையம்மாவும் மூத்த செவிலியரும் கூட இருந்தார்கள். நலமா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"அவர் கடைசியா ஏதாவது சொன்னாரா?"

அவர் கைகளைப் பார்த்தார். "'ஏன் மாப்ளே இப்படி இளைச்சுட்ட?'ன்னு கேட்டார், அக்கா."

அக்கா எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று மூத்த செவிலியர் குறிப்பேட்டில் எழுதினார். அடுத்த வருடம் வந்தாள். அதற்கடுத்த வருடமும் வந்து, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாவது வருடம் பட்டறையம்மா அவர் கையில் கத்தரிக்கோல் கொடுக்க அனுமதி கேட்டாள். தலைமை மருத்துவர் யோசித்தார், குழு யோசித்தது, மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டது. முதல் மாதம் துணிப் பொம்மைக்குக் கம்பளி நூலை முடியாக வைத்துத் தைத்து அதை வெட்டினார். அடுத்தது மனிதத் தலை. இங்கேதான் சிக்கல் வந்தது. முடி வளராத வார்டில் வெட்டினால் வெட்டியதுதான். கண்டக்டர் தாடியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இருக்கிறதே இது ஒன்றுதான் சாமி என்று நழுவினார். மூத்த செவிலியர் தனக்கு இரண்டு வருடத்தில் ஓய்வு என்றார். அவர் சொன்னது முடிக்காகவா உயிருக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

பட்டறையம்மா நாற்காலியை சன்னலோரம் இழுத்துப் போட்டு, கண்ணாடி இல்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்துவிட்டாள். இரண்டு விரல் அளவு போதும் என்றாள். அவர் சீப்பை வைத்ததும் அவளுடைய செருப்பு தரையில் தடதடவென்று ஆடுவது கேட்டது.

"பயமா இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு. உங்களுக்கு?"

"இருக்கு."

"அப்ப மெதுவா வெட்டுங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. கதவருகே நின்ற இரண்டு காவலர்களும் அந்த முக்கால் மணி நேரமும் உட்காரவில்லை. முடிந்ததும் அவர் அவள் தோளில் இருந்த துணியை உதறி மடித்தார், கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார், கழிப்பறைக்குப் போய் அழுதார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கும் நாலு மணித் தேநீருக்கும் இடையில், நான்காம் வார்டில் ஒன்பது வருட முடி மொத்தமாக வளர்ந்தது. படுத்திருந்தவர்கள் தலையணை நகர்வதை உணர்ந்தார்கள். மொட்டையாக வந்தவர் கூந்தலை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். கண்டக்டரின் தாடி அவருக்கு முன்னால் நடந்தது. மூத்த செவிலியருக்கு நிறுத்திவைத்த நரையெல்லாம் வந்து சேர்ந்தது. இளைஞர்களாக வந்த பலர் தங்கள் தலையில் வெள்ளை முடியைக் கண்டார்கள். ஒன்பது வருடம் போனது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. சலூன்காரருக்கும் பாதித் தலை நரை. தேநீர் ஆறிப்போனது. மறுநாள் காலையில் பட்டறை வாசலில் வரிசை நின்றது, முதல் ஆள் கண்டக்டர். வேலை முடிய மூன்று வாரம் ஆனது. வெட்டிய முடியைப் பெருக்கி மூட்டை கட்டியதும் அவரேதான். அதன் பிறகு அந்த வார்டில் எங்கும்போல முடி வளர்ந்தது.

அவரை வெளியே விடுவதும் படிப்படியாகத்தான். முதலில் இரண்டு பேர் துணையோடு கடைத்தெரு, அப்புறம் ஒருவர் துணையோடு, அப்புறம் தனியே ஒரு மணி நேரம். பிறகு நீதிமன்றத்தின் மறுஆய்வுக் குழு கூடியது. அதே ஊரில் அவர் குடியிருப்பதற்கு ஆட்சேபம் உண்டா என்று அக்காவைக் கேட்டார்கள். அவள் தம்பியின் நரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். என் தெருவுக்கு வரக்கூடாது, என் பிள்ளைகள் முன்னால் நிற்கக்கூடாது, நல்லது கெட்டது எதற்கும் சொல்லி அனுப்ப மாட்டேன், எதிர்பார்க்கவும் கூடாது என்றாள். எழுதிக்கொண்டார்கள். அவள் உட்காரப் போய், மறுபடி நின்றாள்.

"தூக்கம் போச்சுன்னா மட்டும் எனக்குப் போன் பண்ணு. எந்நேரமானாலும் பண்ணு. வேற எதுக்கும் பண்ணாத."

மருத்துவமனை நடத்தும் வீட்டில் நான்கு பேரோடு தங்கி, மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இரண்டு நாற்காலிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளிக்கு எல்லாம் தெரியும். தெருவுக்கும் தெரியும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முதல் மாதம் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அப்புறம் அவசரக்காரர்கள் உட்கார்ந்தார்கள், அப்புறம் மற்றவர்கள். கத்தரிக்கோலும் மெஷினும்தான் அவர் வேலை; ஷேவிங்குக்கு முதலாளி.

இரண்டாவது வருடம் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் கட்டடம் இடித்தார்கள். சத்தத்தில் தூக்கம் கெட்டது. இடிப்பு முடிந்த பிறகும் தூக்கம் வரவில்லை. மறுபடி பூட்டிவிடுவார்களோ என்று பயந்து அவர் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை எதிர்த் தேநீர்க்கடைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு நாளா இந்தத் தெருவுல யாருக்கும் தாடி வளரல. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன்."

சலூன்காரர் கடையிலிருந்தே அக்காவுக்குப் போன் செய்தார். அவள் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவர் பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது, புறநோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆள் இடம் விட்டு அவரும் உட்கார்ந்தார். அவருடைய எண்ணைக் கூப்பிட்டபோது, தூக்கக் கலக்கத்தில் அவர் காதில் விழவில்லை. "உன்னத்தான் கூப்பிடுறாங்க" என்றாள். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினார், இரண்டு வாரம் தினமும் வந்து பார்க்கச் சொன்னார், பூட்டவில்லை. அவர் சட்டைப் பையில் வைத்திருந்த அந்த இரண்டு வரி அட்டையை வாங்கி, "அக்கம்பக்கத்தில் முடி வளர்வது நின்றால்" என்று மூன்றாவது வரியாகத் தன் கையால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெளியே வந்து பார்த்தபோது அக்கா போயிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை தேநீர்க்கடைக்காரர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், சொரசொரப்பாக இருந்தது. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார், சலூன்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தார், தாடியை லேசாக ஒதுக்கிவிடச் சொன்னார்.