கண்டக்டரம்மா கூட்டிய கூட்டம்

பேருந்தில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள் கண்டக்டரம்மா. அந்தப் பாழாய்ப்போன பார்வைதான் அன்று அவள் உயிரை வாங்கியது. மாதா கோயிலில் பெஞ்சுகள் நிறைந்து, சுவரோரமெல்லாம் நிறைந்து, வாசற்படியிலும் ஆட்கள் நின்றார்கள். பூசை வைக்கச் சாமியார் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் இத்தனை கூட்டமா!

எல்லாம் அவளே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. சுற்றுப்பட்ட கோயில்களுக்கெல்லாம் ஒரே பங்குத்தந்தை. அவரும் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "வாசகம் வாசிச்சு, ஜெபம் சொல்லி, நற்கருணை குடுத்துடுங்கம்மா. போன பூசையில நான் அர்ச்சித்த அப்பம் பேழையில இருக்கு. வர்ற நாலு பேருக்குப் போதும்" என்று போனில் சொல்லியிருந்தார். நற்கருணை கொடுக்க அவளுக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு.

வர்ற நாலு பேரா? கண்டக்டரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். "சாமியாரைப் பாக்கவா கோயிலுக்கு வர்றீங்க? ஆண்டவரைப் பாக்க வாங்க!" முதியோர் இல்லத்துக்கும் போனாள். கைத்தடி ஊன்றி நடக்கும் ரிட்டையர்டு டீச்சரிடம், "நீங்க வராம நான் ஆரம்பிக்கவே மாட்டேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள். போன இடத்திலெல்லாம் கூடவே ஒரு பிரசங்கம். "நம்ம பிள்ளைங்கள்ல ஒருத்தனையாவது சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பியிருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?"

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஏனென்றால் அவளுடைய ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக், குருமடத்துக்குப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் அப்பா எப்போதோ தலையாட்டிவிட்டார். "அம்மா வாயால சொல்லட்டும், அப்பதான் போவேன்" என்று பையனுக்குப் பிடிவாதம். அவளோ "பாப்போம், பாப்போம்" என்றே காலத்தை ஓட்டினாள். அடுத்தவர் பிள்ளையை அனுப்பச் சொல்ல வாய் நீளுகிறது. தன் பிள்ளை என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து கதவைத் திறந்தால் அவன் செருப்பு அங்கே இருக்காதே, அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது?

வாசகம் முடிந்தது, மன்றாட்டு முடிந்தது. நற்கருணைப் பேழையைத் திறந்து கலத்தை வெளியே எடுத்தாள். மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அப்பம் அடியைத்தான் மூடியிருந்தது. கூட்டத்தில் பாதிக்குக்கூடக் காணாது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "உள்ள அலமாரியில டின் நிறைய அப்பம் இருக்கே. கொண்டாந்து கலந்துடட்டுமா?"

"ஐயையோ! அது வெறும் அப்பம். சாமியார் அர்ச்சிக்காம எப்படிக் குடுக்கறது?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே! வாயை மூடிக்கிட்டுப் போங்க."

அவர் போய்விட்டார். சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் சபலம் தட்டியது. சீச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு, அப்பங்களை உடைக்கத் தொடங்கினாள். இரண்டாக, நாலாக, இன்னும் பொடியாக.

வரிசை நகர்ந்தது. "கிறிஸ்துவின் திருவுடல்." "ஆமென்." வாய் ஜெபத்தைச் சொல்ல, கண் கலத்துக்கும் வரிசைக்குமாக அலைந்தது. எல்லாரையும் வரவைக்கச் சொல்லி ஆண்டவரிடம் கெஞ்சியவள், இப்போது 'போதும் சாமி, இதுக்கு மேல யாரும் எழுந்திரிக்க வேண்டாம்' என்று கெஞ்சினாள். பேருந்தென்றால் அடுத்த வண்டியில் வாங்க என்று விசில் கொடுத்துவிடலாம். இங்கே அடுத்த வண்டி எந்த ஞாயிற்றுக்கிழமை வரும் என்று அவளுக்கே தெரியாது. துணுக்கு சிறுத்துச் சிறுத்து நகத்தளவுக்கு வந்துவிட்டது.

கடைசியில் இரண்டு பேர்தான் பாக்கி. முன்னால் அவள் மகன், அவனுக்குப் பின்னால் கைத்தடியோடு டீச்சர். கலத்தில் ஒரே ஒரு துணுக்கு. அதை இனி உடைக்கவும் முடியாது.

மகன் கலத்துக்குள் எட்டிப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஒதுங்கி நின்று, டீச்சரின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்" என்று டீச்சர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். கலம் காலி.

மகன் அங்கேயே நின்றான். அவனைப் பசியோடு ஒருநாளும் வேலைக்கு அனுப்பாதவள் அவள்.

"இல்லடா" என்றாள். "உனக்கு இல்லாமப் போச்சு."

"பரவாயில்லம்மா."

பரவாயில்லையாமே! அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, தன்மேல்தான். உள்ளே டின் நிறைய அப்பம் இருக்கிறது, அதைக் கையில் எடுத்துப் பூசை வைக்கத்தான் ஆள் இல்லை. ஒருத்தன் வருகிறேன் என்கிறான், அவனை வீட்டுக்குள் பிடித்து வைத்திருக்கிறவள் வேறு யாருமில்லை. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினாய், உன் வீட்டுக் கதவைத் தட்டினாயா என்று மனசு அவளைக் காறித் துப்பியது.

கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கலத்தை ஒரு கையில் பிடித்தபடி, கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

"போடா" என்றாள். "குருமடத்துக்குப் போ. நான் சொல்லிட்டேன்."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவாம்மா?"

"சீக்கிரம் போயிடு. இன்னொரு தடவை கேட்டா இல்லேன்னுடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.