சஜியின் கைப்புண்யம்

கைப்புண்யம் என்ற சொல்லை லேபில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மீன்குழம்பு வைப்பவளின் கைமணத்துக்குச் சொல்லட்டும், வலிக்காமல் ஊசி போடும் நர்ஸின் கைராசிக்குச் சொல்லட்டும். கோழிமுட்டைக்குள் கண் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை?

ஆனால் திருவனந்தபுரத்தில் நான் பிஎச்.டி. செய்த லேப் அந்த ஒரு சொல்லில்தான் ஓடியது. என் கைடு டாக்டர் நாகேஸ்வரன் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பரிசோதனை சரியாக வந்தால் "சஜி கை பட்டா துலங்கறது" என்பார். வராவிட்டால் "அஜிதா தொட்டாளா?" என்று கேட்பார். அஜிதா நான்தான். பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வருகிறவள். சஜி எனக்குச் சீனியர், மலையாளி.

இரண்டாயிரத்து ஒன்றில் எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஆன்டிபாடி வந்து சேர்ந்தது. கரு வளரும்போது, இந்த இடத்தில் கண் வரவேண்டும் என்று மற்ற ஜீன்களை ஏவுகிற புரதம் ஒன்று உண்டு. பாக்ஸ்-6 என்று பெயர். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் இந்த ஆன்டிபாடியின் வேலை. மெல்லிசாகச் சீவிய கோழிக்கருவின் மேல் இதை விட்டு, பிறகு நிறம் வரவைக்கும் மருந்துகளையும் விட்டால், பாக்ஸ்-6 இருக்கிற இடம் மட்டும் பழுப்பாகும்.

அந்த 'மட்டும்' சும்மா வந்துவிடாது. ரத்தம் இருக்கிற இடமும் ஆன்டிபாடியே இல்லாமல் தானாகப் பழுப்பாகும். அதனால் முதலிலேயே பெராக்சைடில் கழுவி ரத்தத்தின் வாயை அடைக்க வேண்டும். கழுவும்போது குமிழ் கிளம்பிச் சில சீவல்கள் கிழிந்துபோகும். என் சிலைடுகள் அப்படித்தான், அங்கங்கே கிழிந்து, லென்ஸிலும் விழித்திரையிலும் மட்டும் பழுப்பேறி, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். சஜியின் சிலைடுகளில் ஒரு கிழிசல் இருக்காது, கல்யாணப் பட்டு மாதிரி இருக்கும். அவற்றில் கண்ணுக்கு வெளியே சுற்றியிருந்த திசுவும் பழுப்பாக இருந்தது.

சாருக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை யாருமே பார்க்காத இடத்தில் பாக்ஸ்-6 இருக்கிறது என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

"சார், அந்த இடம் பூரா ரத்தக்குழாய் இல்லியா? எனக்கு அங்க ஒண்ணும் வரல்லியே," என்றேன்.

"ஒனக்கு வராது. ஒன் கை அப்படி."

"ஆன்டிபாடி விடாம ஒரு சிலைடு போட்டுப் பாக்கலாமே சார்."

"அதெல்லாம் சஜி ஆரம்பத்துலயே போட்டுப் பாத்தாச்சு, கிளீனா இருந்தது. நீ மொதல்ல கிழியாம ஒண்ணு பண்ணு, அப்பறம் அவனைக் கேள்வி கேளு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேட்டது ரத்தத்தைப் பற்றி, இவர் பதில் சொல்வது என் கையைப் பற்றி. அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

கேன்டீனில் சஜியைப் பிடித்தேன். "நீங்க பெராக்சைடுல கழுவுறீங்களா, இல்லியா?"

அவன் வடையைப் பிய்த்துக்கொண்டே, "ஆத்யம் கழுவினேன். செக்‌ஷன் எல்லாம் கிழிஞ்சு போச்சு, பின்ன விட்டுட்டேன்," என்றான்.

"அப்போ அந்த ஆன்டிபாடி விடாத சிலைடு?"

"அது கழுவின சமயத்துல போட்டது. சாருக்கு இஷ்டப்பட்டாச்சு அஜிதா, அது மதி, போதும். நீ வெறுதே வழக்கு உண்டாக்காதே."

அதையும் சாரிடம் போய்ச் சொன்னேன். பொறாமை என்றார்.

அடுத்த வாரம் வருடாந்திர மதிப்பீடு. வெளியிலிருந்து வருகிறவர்கள் சரி என்றால்தான் என் ஃபெலோஷிப் நீளும், இல்லாவிட்டால் பட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 'செய்நேர்த்தி போதாது' என்று என்னைப் பற்றி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். சரி, உங்கள் செய்நேர்த்தியையே செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். சஜி செய்வதைப் போலவே பெராக்சைடில் கழுவாமல் ஒரு சிலைடு தயாரித்தேன். மற்ற எல்லாம் விட்டேன், பாக்ஸ்-6 ஆன்டிபாடியை மட்டும் விடவில்லை. ஒரு கிழிசல்கூட விழவில்லை.

மதிப்பீட்டுக்கு டாக்டர் சுசீலாபாய் வந்தார். நாகர்கோவில்காரர், வளவளவென்று பேசாதவர். சார் சஜியின் சிலைடைக் காட்டிப் புது இடத்தைப் பற்றி விளக்கினார். அப்புறம் என்னுடையதை வைத்து, "கை வித்தியாசத்தைப் பாருங்கோ," என்றார். நான் என் பங்குக்கு இன்னொரு சிலைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சார்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

"பேஷ்! அந்த இடம் எவ்ளோ அழகா வந்திருக்கு! சஜியோடதுதானே?"

சுசீலாபாய் அடுத்துப் பார்த்தார். தலையைத் தூக்காமலே, "வெளிய நல்லா பழுப்பேறியிருக்கு. கண்ணு லென்ஸ் ஏன் வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டார்.

"அதுல பாக்ஸ்-6 ஆன்டிபாடியே விடல்ல மேடம். பெராக்சைடுலயும் கழுவல்ல. அந்தப் பழுப்பு பூரா ரத்தம்," என்றேன்.

அவர் சஜியின் பக்கம் திரும்பினார். "நீ கழுவினியா?"

சஜி தரையைப் பார்த்தான். "இல்ல மேடம்."

"அப்போ அந்தக் கட்டுரையை அனுப்பாதீங்க," என்று சாரிடம் சொன்னார். "இவளுக்கு ஃபெலோஷிப்பை நீட்டணும்னு நான் எழுதுறேன்."

இப்போதாவது ஒரு வார்த்தை, நீ சொன்னது சரி என்று ஒரே ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தேளா, நம்ம அஜிதாவுக்கும் கைப்புண்யம் வந்துடுத்து! இனிமே ஆன்டிபாடி வேலையெல்லாம் அவ கைலதான்."

அத்தனை நாள் திட்டு வாங்கியபோதுகூட எனக்கு அப்படிக் கொதித்ததில்லை. பெஞ்சில் இருந்த பெராக்சைடு குப்பியை எடுத்துப் போய் சஜியின் கையில் வைத்தேன்.

"கைப்புண்யம் இதுக்குள்ளதான் சார் இருக்கு," என்றேன். "யாரு கையில வேணும்னாலும் கொடுத்துப் பாருங்க."