நடுக்கோடு போட்ட பாய்

செருப்பைக் கழற்றும்போதே சுமித்திராவுக்கு அந்தப் பாய் பிடிக்கவில்லை. நீல நிறப் பாய். நெடுக்காக நடுவில் ஒரு வெள்ளைக் கோடு; தலை எங்கே, குதிக்கால் எங்கே என்று சொல்லக் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். அக்கராயன் பொதுநோக்கு மண்டபத்தில் நெல் காயப்போடும் படங்குகளைச் சுருட்டி மூலையில் தள்ளிவிட்டு, அந்தப் பாய்களை வரிசையாக விரித்திருந்தார்கள். அவள் பின்வரிசைக்குப் போகத்தான் பார்த்தாள். மாதர் சங்கத் தலைவி கமலாசனி விடவில்லை.

"முன்னுக்கு வாங்கோ சம்பந்தி. நீங்கள் பின்னால நிண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

உண்மையில் அவர்கள் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. சுமித்திராவின் மகள் சிவதர்சினிக்கும் கமலாசனியின் மகனுக்கும் பேச்சு முடிந்து, ஆவணியில் பொன்னுருக்கு என்று நாள் பார்த்திருந்தது. தாலிக்குப் பொன் உருகும்வரை எந்தச் சம்பந்தமும் உருகிப் போகலாம். பெடியன் கனடா போகிற அலுவலில் இருக்கிறான். பழைய கதை எதையும் கிளறக்கூடிய வீட்டில் பெண் எடுப்பதில்லை என்பது கமலாசனியின் ஒரே நிபந்தனை. அதனால் கலியாணத் தரகர் முதல்நாளே சொல்லிவிட்டார்: "இடுப்பைக் கேட்டால், விழுந்தது எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதையாதேங்கோ."

யோகா சொல்லித்தர நிரஞ்சன் மாஸ்டர் சூரிச்சிலிருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், மணிக்கட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம். குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பதில் இரண்டு அதிகாரிகளுக்கிடையில் ஒரு சின்னப் பனிப்போர் நடந்து, கடைசியில் இருவரும் ஒரே மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார்கள். வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, பொன்னாடை. மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தர வந்தவர் மூச்சுவிடாமல் பேசினார்.

"உடம்பு ஒரு கோயில், அம்மாமார். கோபுரம் சரிஞ்சால் சாமி இருக்குமோ? அலைன்மென்ட். எல்லாமே அலைன்மென்ட்தான். மண்டபத்துக்குள்ள வரேக்கையே பாத்தனான், நீங்கள் எல்லாரும் கோணல். பிழையா நினையாதேங்கோ, அன்போடதான் சொல்லுறன்."

அடுத்த பாயிலிருந்த ராஜினி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "எங்கட இவரும் போன போகம் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் உழவு மெசினுக்கு இதைத்தான் பாத்தவர். அடுத்த கிழமை சில்லுக் கழண்டு வாய்க்காலுக்குள்ள போட்டுது."

சுமித்திரா சிரித்தாள். சிரிக்கும்போது இடுப்பை அசைக்காமல் சிரிக்க அவளுக்குத் தெரியும்.

மாஸ்டர் முறைப்படிதான் தொடங்கினார். "ஆருக்கும் பழைய காயம், ஒப்பரேசன், நோவு ஏதும் இருக்கோ? இருந்தால் கையை உயர்த்துங்கோ. வெட்கப்படாதேங்கோ."

ஒரு கையும் உயரவில்லை. இதே கேள்வியை முன்பு முகாம்களில் வேறு ஆட்கள், வேறு உடுப்பில், வேறு கதிரைகளில் இருந்து கேட்டிருக்கிறார்கள். கையை உயர்த்தினால் அடுத்த கேள்வி 'எங்கே?' என்று வரும், அதற்கடுத்தது 'எப்போது?' என்று வரும். அதனால் இந்தப் பக்கத்தில் காயப்பட்டவர்கள் என்று யாரும் இல்லை, எல்லாரும் விழுந்தவர்கள். அக்கராயனில் நிற்கிற தென்னைகளைவிடத் தென்னையிலிருந்து விழுந்தவர்கள் அதிகம். கமலாசனி கிணற்றடியில் வழுக்கி விழுந்தவர். அவர் விரும்பியிருந்தாலும் வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தியிருக்க முடியாது.

"நல்லது," என்றார் மாஸ்டர், மனம் நிறைந்து. "ஆரோக்கியமான மண்."

சுமித்திராவின் இடது இடுப்புக்குள் பீஸ் இருந்தது, செல் வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு. சண்டையின் கடைசி மாதங்களில், மாத்தளன் மணலில், செல் கூவி வந்தபோது, கைக்குழந்தையாக இருந்த சிவதர்சினியை நெஞ்சுக்குக் கீழே போட்டு முதுகை வளைத்துக் கவிழ்ந்தாள். யாரும் சொல்லித்தராமல் அவள் செய்த ஒரே ஆசனம் அது, பிழையில்லாமல் வந்தது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. பின்பு வவுனியாவில் பார்த்த டொக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நரம்போட ஒட்டிக்கொண்டு கிடக்கு. கிண்டினால் கால் போகும். அது நோகாமல் கிடக்கிற மாதிரி நீங்கள் நடந்து பழகுங்கோ" என்றார். பழகினாள். இடது பக்கம் சற்றே சரிந்து, வலது காலில் பாரத்தைப் போட்டு. அந்தச் சரிவோடுதான் விடிய எழும்பிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு சமைக்கிறாள், கிடாரம் இறக்குகிறாள், சைக்கிள் மிதிக்கிறாள். அவளுக்கும் பீஸுக்கும் இடையே ஒரு உடன்படிக்கை இருந்தது. நாட்டில் இதுவரை மீறப்படாத உடன்படிக்கை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாஸ்டர் பையிலிருந்து ஒரு பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்தார். மேசன்மார் சுவருக்குப் பிடிப்பது போலத்தான் இருந்தது. பட்டு நூலில் கட்டியிருந்ததால் சூரிச்சுக்குரியதாகிவிட்டது. அதைப் பெண்களின் காதோரம் பிடித்து ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். சுமித்திராவிடம் வந்ததும் நின்றார். குண்டு அவள் தோளைத் தொட்டு, இடுப்பை விட்டு விலகி, காற்றில் தொங்கியது.

"இதுதான் நான் தேடின ஆள்," என்று மண்டபத்துக்கே சொன்னார். "எல்லாரும் வடிவாப் பாருங்கோ. வருசக்கணக்கான பிழைப் பழக்கம். படுங்கோ அம்மா. தொடலாமோ?"

சுமித்திரா வாயைத் திறந்தாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பக்கத்துப் பாயில் கமலாசனி.

"தொடுங்கோ மாஸ்டர்," என்றார் கமலாசனி. "எங்கட சம்பந்திதான்."

அவள் படுத்தாள். மாஸ்டர் குனிந்தபோது சட்டை மேலே ஏறி, அவருடைய இடுப்பைச் சுற்றி இறுக்கியிருந்த நோவுப்பட்டி தெரிந்தது. விமானக் கதிரை செய்த வேலை. பெண்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் ஒரு கையால் அவளுடைய இடுப்பை அமத்திக்கொண்டு, மற்றக் கையால் குதிக்காலைப் பிடித்துக் கோட்டை நோக்கி இழுத்தார். மெதுவாகத்தான். கற்றவர்கள் எதையும் மெதுவாகத்தான் செய்வார்கள்.

உள்ளே ஏதோ புரண்டது. ஒரு சூடு தொடையால் இறங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை ஓடியது. பிறகு சூடும் இல்லை. 'விடுங்கோ' என்று சொல்லலாம். அதற்குப் பின்னால் ஏன் என்ற கேள்வியும், அதற்குப் பின்னால் ஆவணியும் நின்றன. அவள் பல்லைக் கடித்தாள்.

"பாத்தீங்களோ, எவ்வளவு நேர்," என்றார் மாஸ்டர். அவருடன் வந்தவர் கதிரைமேல் ஏறி நின்று படம் எடுத்தார். சுமித்திரா நெற்றியிலிருந்து குதிக்கால்வரை வெள்ளைக்கோட்டின் மேல் அச்சடித்ததுபோல் கிடந்தாள். கைதட்டினார்கள். ராஜினி மட்டும் தட்டவில்லை.

"இனி எல்லாரும் சவாசனம். அசையப்படாது."

கண்ணை மூடிக் கிடந்தபோது பக்கத்திலிருந்து கமலாசனியின் குரல் தணிந்து வந்தது.

"நோகுதோ?"

"இல்லை. விழுந்த இடம். கொஞ்சம் பிடிச்சிருந்தது."

சுமித்திரா கண்ணைத் திறந்து பார்த்தாள். கமலாசனியின் வலது கை அதற்கென்று போட்ட கோட்டை எட்டாமல், சேலைத் தலைப்புக்குள் மடிந்து கிடந்தது. தோளில் தலைப்பு விலகிய இடத்தில் தோல் சுருங்கி, குழியாகி, பளபளத்தது. எந்தக் கிணற்றடியும் அப்படிக் கடிக்காது. கமலாசனி அவள் பார்ப்பதைப் பார்த்தார். தலைப்பை இழுத்து மூடினார்.

"நானும் விழுந்தனான்தானே," என்றார். "விழுந்த ஆக்கள் விழுந்த மாதிரியே இருக்கவேணும், சம்பந்தி. கடைசிமட்டும்."

மணி அடித்தது. பாய்கள் சரசரத்தன. எல்லாரும் எழுந்து, தேத்தண்ணியும் ரோல்சும் வைத்திருந்த மேசைப் பக்கம் போனார்கள். வெளியே மாஸ்டர் யாருக்கோ போனில் படத்தைக் காட்டி, "வருசக்கணக்கா வளைஞ்ச உடம்பு. ஒரே நாளில" என்று சொல்வது கேட்டது.

சுமித்திரா வலது காலை மடக்கினாள். மடங்கியது. இடது காலை மடக்கினாள். அது கோட்டின் மேலேயே கிடந்தது.

"சம்பந்தி, தேத்தண்ணி ஆறுது," என்று கமலாசனி கூப்பிட்டார்.

"வாறன்," என்றாள்.

சுருட்டி வைத்த படங்குகளின் அடியிலிருந்து சிவப்பெறும்புகள் புறப்பட்டு, சிந்திக் கிடந்த நெல்மணிகளைத் தேடிப் பாய்வழியே வந்துகொண்டிருந்தன. முழங்கையில் ஊன்றித் தலையை உயர்த்திப் பார்த்தாள். வெள்ளைக்கோட்டைப் பிடித்து ஒரு நேர்வரிசையாக வந்து, அவளுடைய இடது குதிக்காலில் ஏறி, பாதத்தின் மேல் பரவி, ஒவ்வொன்றாகத் தலையைக் குத்திக் கடிக்கத் தொடங்கின. நோகவில்லை. அவள் அவற்றை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கடிக்கட்டும், இன்னும் கொஞ்சம் பலமாகக் கடிக்கட்டும் என்று.