மெரேசீனியின் தட்டில் வளர்ந்தது

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது, ஒளிப்பானேன். நோய்கண்ட நெல்லிலைகளைக் கடல்தாண்டி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த எங்கள் தீவுநாட்டுத் தலைநகரான சுவாவின் வேளாண் ஆய்வகத்தில், மெரேசீனி ஒருநாள், "இனிமே நாமளே பாப்போம்" என்றாள். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

(முதலில் 'மழை கொட்டிய காலையில் பிஸ்நாத்...' என்று தொடங்கினேன். அன்று நல்ல வெயில். அடித்துவிட்டேன்.)

2

பக்கத்துத் தீவின் டிரெகெட்டி ஊர் விவசாயி பிஸ்நாத் ஒரு பை நிறைய இலைகளோடு வந்தார்.

"குலைநோயாம், தங்கச்சி. வயலை உழுதுபோடச் சொல்றாங்க. என் விதையை வாங்கி விதைச்சவங்க வயல்லயும் இதேதான்."

அந்த விதை அவரே கதிர் கதிராகப் பொறுக்கிச் சேர்த்தது.

மெரேசீனி இலைத் துணுக்குகளைக் கழுவித் தட்டில் வளர்த்தாள். முதல் தட்டில் வேண்டாத பச்சைப் பூஞ்சை, தூக்கி எறிந்தாள். அடுத்ததில் கருஞ்சாம்பல் பூஞ்சை படர்ந்தது. குலைநோய்ப் பூஞ்சையின் வித்துத்துகள் பேரிக்காய் வடிவில் இருக்கும். நுண்ணோக்கியில் தெரிந்தவையோ படகுபோல் வளைந்து நீண்டவை. பிறகு மரபணுச் சோதனை: குலைநோய்க்கானதில் ஒன்றுமில்லை, பழுப்புப் புள்ளி நோய்க்கானதில் பளிச்சென்று ஒரு கோடு.

"வயலை உழ வேண்டாம், அண்ணே. சத்துக் குறைஞ்ச மண்ணைத் தேத்தினா மிச்சப் பயிரைக் காப்பாத்தலாம்" என்றாள். "ஆனா உங்க விதையையும் வளத்துப் பாத்தேன். அதுலயும் இதே பூஞ்சைதான்."

3

இந்த இடத்தில் நான் பொய் சொல்லப் பார்த்தேன். 'விதை சுத்தமாக இருந்தது, பிஸ்நாத் கண்ணில்...' வரை எழுதியதை மெரேசீனி படித்தாள்.

"என் தட்டுல வளராததை உன் கதையில வளக்காதே."

ஆகவே நடந்தது இது. பிஸ்நாத் கேட்டார்: "நிச்சயம்தானா?"

"நிச்சயம்."

"அப்ப நானே போய் சொல்றேன். என் விதை. வேற யாரும் சொல்லக்கூடாது."

"நாங்களும் வர்றோம்."

"அந்தக் கண்வெச்சுப் பாக்குற மிஷினையும் எடுத்துக்க. என் விதையை விதைச்ச மச்சான், நான் மணி எத்தனைன்னு சொன்னாக்கூட கடிகாரத்தைப் பாப்பான்."

4

மூவரும் கப்பலேறிப் போனோம். அவர் முற்றத்தில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். பிஸ்நாத் சுற்றிவளைக்கவில்லை. "நோய் என் விதையில இருக்கு. நெல்லு சாகாது, வழி இருக்கு. வந்து பாருங்க."

மச்சான்தான் முதலில் குனிந்து நுண்ணோக்கியில் கண்வைத்தார். பக்கத்தில் பிஸ்நாத் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி நின்றார். மெரேசீனியும் அப்படியே நின்றாள்.

நிமிர்ந்த மச்சான் மன்னித்தாரா, திட்டினாரா? இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். உண்மையை மறைக்காமல் பிஸ்நாத்தும் மெரேசீனியும் நிமிர்ந்து நின்றதைப் பார்த்த எனக்கு அது தேவைப்படவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.