சின்ன மருமகளுக்குக் கட்டிய கக்கூஸ்

பெரிய மருமகளுக்கு முழங்கால் கெட்டு நான்கு வருஷமாகிறது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை முன்னால் நாளெல்லாம் நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்தால் குத்தவைத்து உட்காரும் கக்கூஸ். உட்கார்ந்தவள் எழுந்திருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். வெஸ்டர்ன் கோப்பை ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று மாமியாரிடம் ஜாடையாகவும் சொல்லிப் பார்த்தாள், நேராகவும் கேட்டுப் பார்த்தாள். நாலு பேர் உடம்பு பட்ட இடத்தில் நம் உடம்பும் படுவதா, அதைவிட அசிங்கம் உண்டா என்று மாமியார் முகத்தைச் சுளித்தாள். அம்மா சொன்னபிறகு வாய் திறக்கிற ரகம் இல்லை கணவன்.

அப்படி இருக்கையில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் கொழுந்தன் போன் செய்தான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட அந்த நாட்டுப் பெண்ணை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வருகிறானாம். போனை வைத்த கையோடு மாமியார் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டாள். மாடி அறையை ஒட்டி வெள்ளை டைல்ஸ், பளபளவென்று கோப்பை, குழாய்க்குப் பதில் பேப்பர் ரோல் மாட்ட ஒரு கம்பி. "பாவம், அவளுக்குக் குத்தவைக்கத் தெரியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

படியில் சிதறிய சிமெண்டைக் கூட்டி அள்ளியவள் பெரியவள்தான். கடல் கடந்து இருப்பவளின் கால் பாவமாம். கண்ணெதிரே நொண்டுகிறவளின் கால் காலே இல்லையாம்.

வந்தவள் சிரித்த முகக்காரி. பத்துப் பன்னிரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பெரியவளை அக்கா என்று கூப்பிட்டாள். அதுவும் பிடிக்கவில்லை பெரியவளுக்கு. சின்னவள் தட்டில் சோறு முதலில் விழுந்தது, அவளுக்கு மின்விசிறி திருப்பி வைக்கப்பட்டது, எல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை கோப்பையின் மேல்பலகையில் ஈரக் காலடி இரண்டு பதிந்திருந்தது. யாரோ ஏறிக் குத்தவைத்திருக்கிறார்கள். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ஊர் விமான நிலையத்திலும் கடைகளிலும் இதற்கென்றே ஒரு படம் ஒட்டியிருப்பார்கள் என்று சொல்லி, அதையே அச்செடுத்து வந்து கதவில் ஒட்டினான். கோப்பைமேல் ஏறிக் குந்தியிருக்கும் ஓர் ஆள், குறுக்கே சிவப்புக் கோடு. அந்தக் காலடி, உடம்பு படக் கூடாதென்று ஏறிய மாமியாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாமியார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சின்னவள் முன்னாலேயே, "பெரியவளே, நல்லா பாத்துக்கோ. உனக்குத்தான் ஒட்டியிருக்கான்" என்றாள்.

குனிந்து ஒரு தடவை குத்தவைக்கவே உயிர் போகிறது. இவள் அதன்மேல் ஏறினாளாம்.

அன்றைக்குத் தொழிற்சாலையில், துணி வாங்க வரும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கென்று வைத்திருக்கும் கழிவறையைத் தாண்டிப் போனாள். 'பார்வையாளர்களுக்கு மட்டும்' என்ற பலகை எத்தனையோ வருஷமாக அங்கே தொங்குகிறது. இதுவரை உறைத்ததில்லை. அன்று அதன் முன்னால் நின்றுவிட்டாள். கண் கரித்தது. வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய், பேப்பர் ரோல்களை ஒன்றுவிடாமல் எடுத்துத் தன் பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்தாள்.

அடுத்த நாள் அவளுக்கு விடுமுறை. ஆண்கள் வெளியே போயிருந்தார்கள், மாமியார் பக்கத்து வீட்டில். மாடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா. பேப்பர் இல்லை."

பெரியவள் காதில் விழாததுபோல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனித்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அந்தக் குரல் கம்மியது. தனியாக, அந்நிய வீட்டில், எழுந்திருக்கவும் முடியாமல் ஒரு பெண். பெரியவள் ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மாடியேறி, தாழிடாத கதவை லேசாகத் திறந்து உள்ளே தள்ளினாள்.

"வலது கையால ஊத்து. இடது கையால கழுவு. அவ்வளவுதான்."

உள்ளே சளசளவென்று தண்ணீர், ஒரு சின்ன அலறல், அப்புறம் சிரிப்பு. பாவாடை பாதி நனைந்து சின்னவள் வெளியே வந்தபோது, பெரியவள் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் அந்தக் காலைப் பார்த்தாள், கோப்பையைக் காட்டினாள்.

"அக்கா கால் வலி. இது அக்காவுக்கு நல்லது. ஏன் இல்லை?"

பெரியவள் படியைப் பிடித்து எழுந்து கீழே இறங்கினாள். மதியமே ரோல்களைப் பழைய இடத்தில் வைத்தாள். சின்னவள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் சின்னவள் அக்காவின் கால் வலியைத் தன் கணவனிடம் சொல்ல, அவன் அம்மாவிடம் சொன்னான். மாமியார் உடனே சம்மதித்துவிட்டாள். "சின்னவளே சொல்லிட்டா. இனிமே பெரியவளும் மாடிக்கே போகட்டும். எவ்வளவு நல்ல மனசு பாரு அவளுக்கு" என்றாள்.

நான்கு வருஷம் கெஞ்சியது சின்னவளின் ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, அது கிடைத்த வழிக்கு அழுவதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது கணவனிடம் கேட்டாள், "நான் கேட்டப்போ உங்கம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"நீயும் அவள மாதிரி நல்லவிதமா கேட்டிருக்கணும்" என்றான் அவன்.

அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் மாடியேறித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். முழங்காலுக்குச் சுகமாகத்தான் இருந்தது. கீழேயிருந்து மாமியார் எத்தனை தடவை கூப்பிட்டாலும், தனக்குப் போதும் என்று தோன்றும்வரை அவள் எழுந்து வரவில்லை.