கரைப்படி பதினைந்து

கத்பர்ட் பிக்கர்ஸ்கில் நாற்பது வருடம் தச்சுவேலை பார்த்தவர். அவருக்கு உலகம் அங்குலத்தில்தான் இருந்தது. மனைவி எனிட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவருக்கு எல்லாமே சென்டிமீட்டர். ஒரே கட்டிலில் கத்பர்ட் ஐந்தடி பத்தங்குலம் படுப்பார், எனிட் நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர் படுப்பார். இதில் எல்லைத் தகராறே வந்ததில்லை என்றால் யார்க்‌ஷரில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் உண்மை.

மார்ச்சில் எனிட்டுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். பிறகு ஐந்து வாரம் தங்கை வீட்டில் ஓய்வு. போகும்போது ஒரு சீட்டு எழுதிவைத்தார்: 'குளம் தோண்டு. கரைப்படி ஆழம் 15. என் சாமந்தியை அதில் வை.'

அது சதுப்புச் சாமந்தி, ஈரக்கரையில் வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும் செடி. எனிட் பிறந்த கால்வாய்க்கரை வீட்டை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியபோது பிடுங்கிக்கொண்டு வந்த ஒரே தூர். இத்தனை காலமும் கொல்லையில் பழைய கல்தொட்டியில் கிடந்தது.

கத்பர்ட் தோண்டினார். ஓரத்தில் செடிக்கூடை வைக்கிற படியைப் பதினைந்து அங்குல ஆழத்தில், மட்டப்பலகை வைத்து, தேக்கு மேசை போல இழைத்தார். ரப்பர் விரிப்புப் போட்டார். துளைக்கூடையில் எருவில்லாத மண், மேலே சரளை, எல்லாம் முறைப்படி. தண்ணீர் விட்டதும் சாமந்தி முங்கிப்போனது. 'நீர்ச்செடிதானே, ஏறி வரும்' என்று இருந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் வேலிமேல் தலையை நீட்டினார்.

"என்னய்யா, செடிக்கு மூச்சடக்கச் சொல்லிக் குடுக்கறியா?"

"படி பதினஞ்சுன்னுதான் எழுதியிருக்கா."

"பதினஞ்சு என்ன?"

கத்பர்ட் சீட்டை எடுத்துப் பார்த்தார்; பதினைந்துக்குப் பக்கத்தில் அளவுப் பெயர் இல்லை. கூடையை வெளியே தூக்கினார். இலையெல்லாம் கூழ். வேர் கறுத்திருந்தது, நடுவில் ஒரே ஒரு முளை மட்டும் அழுத்தினால் கெட்டியாக இருந்தது. அழுகலை வெட்டி எறிந்தார். படியில் நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் கூடையை வைத்தார். அப்புறம் தினமும் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லப்போகும் பொய்யை ஒத்திகை பார்த்தார்.

எனிட் ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோது, தண்ணீருக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு இலை இருந்தது.

"என் செடி எங்கே?"

"நாரை வந்துச்சு எனிட். பெரிய நாரை, தொப்பி போட்டிருந்துச்சு. மரியாதையா ஒரு கொத்து கேட்டுச்சு, நான் எப்படி மறுக்கறது…"

எனிட் ஊன்றுகோலைப் படிவரை இறக்கி, நனைந்த இடத்தில் விரல் வைத்து, கோலில் உயரம் சரிசெய்யக் குறித்திருந்த சென்டிமீட்டர் கோடுகளைப் படித்தார்.

"முப்பத்தெட்டு."

கத்பர்ட் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"அங்குலத்துல வெட்டியிருக்கே, கிழட்டு மரமே."

"ஆமா. கொன்னுட்டேன்னு நெனச்சேன். அதான் நாரை."

எனிட் ஊன்றுகோலை வெளியே எடுத்து நுனியைத் துடைத்தார். நர்ஸ் வேலையில் ஒரு மருந்துச் சீட்டைக்கூட அளவுப் பெயர் இல்லாமல் எழுதியதில்லை.

"சென்டிமீட்டர்னு நான் எழுதலியே," என்றார். "டீ போடு."

மே மாதக் கடைசியில், ஊரெல்லாம் சாமந்தி பூத்து ஓய்ந்தபிறகு, செங்கல் மேடையில் ஒரே ஒரு மஞ்சள் பூ விரிந்தது. எனிட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குனியப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. கத்பர்ட் மண்டிபோட்டு அளந்தார்.

"எவ்வளவு?"

ஒன்றரை அங்குலம் நாக்குநுனிவரை வந்தது. கத்பர்ட் நாடாவைத் திருப்பிப் பிடித்தார்.

"நாலு," என்றார். "சென்டிமீட்டர்."